பட்டறைக்குச் செல்லும் மாணவரும் நம் தமிழ் வகுப்பும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் வாகனப் பணி, கட்டுமானம், உற்பத்தி ஆகிய தொழில்களைக் கற்கும் மாணவர்களைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். தலைப்பைக் கண்ட நண்பர் சிலர், "இதில் தமிழுக்கு என்ன வேலை?" என்று வினவினர். அவ்வினாவுக்குரிய விடையாகவே இவ்வுரை அமைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு ஒன்றில், தம் மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுக்கொள்ள ஒரு தந்தை வந்திருந்தார். அவருடைய மூத்த மகன் நம்மிடம் நான்கு ஆண்டுகள் தமிழ் பயின்றவன். அப்போது தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி நலம் விசாரித்தோம். தந்தை சற்றே தலைகுனிந்து, "ஏதோ வண்டி வேலை படிக்கிறான் ஐயா. என்ன படிக்கிறாய் என்று கேட்டால் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்கிறான், எனக்குப் புரிவதில்லை. நீங்கள் அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள். அவன் என்னதான் படிக்கிறான் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்.

"நல்ல படிப்புத்தான், கவலைப்படாதீர்கள்" என்று நாம் சொன்னோம். அவர் நன்றி கூறிச் சென்றார். அவர் கேட்டது ஆறுதலன்று, விளக்கம். அதைத் தர நம்மிடம் சொல் இருக்கவில்லை. மகனிடமும் இல்லை. ஒரே வீட்டில் வாழும் தந்தையும் மகனும் அவன் கற்கும் கல்வியைப் பற்றித் தம் மொழியில் பேசிக்கொள்ள இயலாத நிலையில் இருந்தனர். அந்த இடைவெளியில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு என்பதே இன்று நாம் எடுத்துரைக்க விழையும் கருத்து.

தொழிற்கல்வி வந்த வழி

சிங்கப்பூரில் தொழிற்கல்வி என்றும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1956இல் தஞ்சோங் காத்தோங்கில் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளி தொடங்கப்பட்டது. 1961இல் சான் சியூ கியாட் தலைமையிலான விசாரணை ஆணையம் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றை ஆராய்ந்து தன் அறிக்கையை அளித்தது. அதன் பின்னர் எழுந்த தொழிற்பள்ளிகள், 1960இல் அறிமுகமான தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கு உரியனவாக அமைந்தன. தேறியவர்க்கு ஏடு, தேறாதவர்க்குக் கருவி என்னும் எண்ணம் அப்பொழுதே வேரூன்றியது எனலாம்.

ஆயினும், வரலாறு உடனே வேறொரு திசையிலும் திரும்பியது. 1968ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டன் தன் படைகளை விரைவில் மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பியிருந்த குடும்பங்கள் பல. புதிய தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வேண்டும். அவர்கள் கருவியறிந்தவர்களாக இருத்தல் வேண்டும். ஆகவே கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனித்துறை அமைந்தது. 1969 முதல் கீழ்நிலை உயர்நிலை வகுப்புகளில் பயின்ற மாணவர் அனைவரும், மாணவியரில் ஒரு பகுதியினரும் உலோகவேலை, மரவேலை, தொழில்நுட்ப வரைபடம், அடிப்படை மின்னியல் ஆகியவற்றைக் கற்றனர். பின்னாளில் மருத்துவரானவரும் வழக்கறிஞரானவரும் அன்று அரத்தைப் பிடித்து இரும்பைத் தேய்த்தவர்களே. இன்று எழுபது வயதைக் கடந்துவிட்ட நம் பெரியவர்களைக் கேட்டால், பள்ளியில் தாம் செய்த சிறு சுத்தியலையோ மரத்தட்டையோ பற்றி முகமலர்ச்சியோடு சொல்வார்கள்.

1972இல் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் இந்தியாவின் டாட்டா நிறுவனமும் இணைந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. நுண்துல்லியக் கருவிகளைச் செய்வோரை அது உருவாக்கியது. தொடர்ந்து 1973இல் ரோலை நிறுவனத்துடனும் 1975இல் பிலிப்ஸ் நிறுவனத்துடனும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. பொதுப் பயிற்சியைப் பொறுத்தவரை, 1973இல் தொழிலியல் பயிற்சிக்கெனத் தனிக் கழகம் தோன்றியது. 1979இல் அது வயது வந்தோர் கல்விக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1992 ஏப்ரல் முதல் நாளில் தொழில்நுட்பக் கல்விக் கழகம் உதயமானது.

இந்த 1992ஆம் ஆண்டின் மாற்றம் பெயர் மாற்றம் மட்டுமன்று. அதற்கு முன்னர்த் தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் பயிற்சிக்கு வந்தனர். எண்ணும் எழுத்தும் முற்றும் கைவராத நிலையில், வரைபடத்தைப் படித்து அளவறிந்து வேலை செய்யுமாறு அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் பத்து ஆண்டுப் பொதுக்கல்வி பெற்ற பின்னரே தொழிற்கல்விக்குச் செல்ல வேண்டும் என்ற முடிவு, அக்கல்வியை உயர்நிலைப்பள்ளிக்குப் பிந்தைய கல்வியாக உயர்த்தியது. 2005இல் சீமெய், 2010இல் சுவா சூ காங், 2013இல் அங் மோ கியோ எனப் பெரிய கல்லூரி வளாகங்கள் எழுந்தன. ஒவ்வோர் ஆண்டும் நம் மாணவரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அக்கழகத்திற்குச் செல்கின்றனர்.

உயர்நிலைப்பள்ளியின் உள்ளேயே தொழிற்பாடம் கற்பிக்கும் வழியும் மீண்டும் பிறந்துள்ளது. 2007இல் நார்த்லைட் பள்ளி, 2009இல் அசம்ப்ஷன் பாத்வே பள்ளி, 2013இல் கிரெஸ்ட் உயர்நிலைப்பள்ளி, 2014இல் ஸ்பெக்ட்ரா உயர்நிலைப்பள்ளி ஆகியன தொடங்கப்பட்டன. பொதுப்பாடங்களோடு இயந்திரப் பராமரிப்பு, கட்டட வசதிப் பராமரிப்பு போன்ற பயிற்சியும் அவ்வகைப் பள்ளிகளில் இடம்பெறுகிறது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகளும் நீங்கின. அமைப்பு மாறிவிட்டது. நம் நாவில் உள்ள சொற்கள் மாறினவா என்பதே கேள்வி.

பட்டறையில் கற்பது யாது?

அன்று அந்தத் தந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்றாவது சொல்ல முயல்வோம்.

வாகனத் தொழில்நுட்பம் பயிலும் மாணவன் பிரேக்கைப் பற்றிக் கற்கிறான். ஓட்டுநரின் கால் மிதியை அழுத்துகிறது. குழாயில் நிறைந்துள்ள எண்ணெய் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. அங்கே உராய்வுக் கட்டைகள் சுழலும் தட்டை இறுகப் பற்றுகின்றன. திரவத்தைச் சுருக்க இயலாது. ஆதலால் அழுத்தம் குறையாமல் சென்று சேர்கிறது. குழாயினுள் காற்றுக்குமிழி புகுந்துவிட்டாலோ, அது சுருங்கிக்கொடுக்கும், மிதி மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். நெடுந்தொலைவு இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது எண்ணெயில் ஆவி உண்டாகி, காற்றுக்குமிழியைப் போலவே தீங்கு செய்யும். ஆகவேதான் குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றிக் காற்றை வெளியேற்றுகின்றனர். இயற்பியல் நூலில் பாஸ்கல் விதி என்று ஒரு பக்கத்தில் நாம் படித்ததை, அம்மாணவன் தன் கையால் சோதித்து, ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கும் பொறுப்போடு பயில்கிறான்.

கட்டுமானம் பயில்பவரின் நிலையும் இதுவே. கான்கிரீட் உலர்வதால் இறுகுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், சிமெண்டும் நீரும் வேதிவினை புரிவதால்தான் அது இறுகுகிறது. கலப்பதற்கு எளிதென்று நீரை மிகுதியாக ஊற்றினால், வினைக்குப் பயன்படாத நீர் வெளியேறி நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும், வலிமை குன்றும். அதனால்தான் கலவையின் நீரளவு கணக்கிடப்படுகிறது. வார்த்த பின்னர் ஈரம் காக்கப்படுகிறது. 28ஆம் நாளில் மாதிரிக் கட்டியை நசுக்கி வலிமையைச் சோதிக்கின்றனர். சுவரின் மூலை செங்கோணமாக உள்ளதா என்று அறிய, ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து, இடைத்தொலைவு 5 மீட்டர் வருகிறதா என்று கொத்தனார் பார்க்கிறார். நாம் கரும்பலகையில் எழுதும் பித்தகோரசு தேற்றம் அங்கே தரையில் நிற்கிறது.

உற்பத்தித் துறையில் கடைசல் இயந்திரத்தின்முன் நிற்கும் மாணவி, நுண்ணளவி கொண்டு 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கிறாள். நம் தலைமுடியின் தடிப்பே அதனைப் போல் பன்மடங்கு. கடையும்போது உலோகம் சூடேறி விரியும். சூட்டோடு அளந்து சரியென்று எடுத்து வைத்தால், ஆறியபின் அளவு குறைந்துவிடும். ஆகவே பொறுத்திருந்து அளக்க வேண்டும். பொறுமை அங்கே அறிவுரையன்று. அளவுகோலின் ஒரு பகுதி.

இவற்றில் அறிவற்ற பகுதி எது? ஏட்டுக்கல்வி, கைத்தொழில் என்று நாம் கிழிக்கும் கோடு எங்கே விழுகிறது? இதனை அந்தத் தந்தையிடம் தமிழில் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால், அவர் தலைகுனிந்திருக்க மாட்டார்.

மொழி சொல்லும் சான்று

கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணுவது தமிழின் இயல்பு என்று கருத வேண்டா. புறநானூற்றின் 206ஆம் பாடலில், அதியமானின் வாயிலில் காத்திருக்கும் ஔவையார் வாயிற்காவலனிடம் மனம் நொந்து பேசுகிறார். புலவர்க்கு இவ்வொரு வாயில்தானா உலகில் உள்ளது என்னும் பொருள்படக் கேட்கும் அவர், தம் போன்ற கற்றோரை யாரோடு ஒப்பிடுகிறார்? கோடரியோடு காட்டுக்குள் சென்ற தச்சனின் கைத்திறம் வாய்ந்த பிள்ளைகளோடு ஒப்பிடுகிறார். அவர்களுக்குக் காட்டில் எத்திசையிலும் வேலையுண்டு. அதுபோல் எமக்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்பது கருத்து. தன்மானம் மிக்க ஒரு புலவர் தம் கல்விக்கு உவமையாகத் தேர்ந்தது தச்சுத்தொழில். அவர் அதைத் தாழ்வென்று கருதியிருப்பின் அவ்வுவமையைச் சொல்லியிருக்க மாட்டார்.

நம் அன்றாடத் தமிழையும் உற்றுநோக்குவோம். நல்ல கட்டுரையைப் பாராட்டும்போது, 'செதுக்கிய நடை' என்கிறோம். உளி தந்த சொல் அது. நேர்மையான ஒழுங்கை, 'நூல் பிடித்தாற்போல்' என்கிறோம். கொத்தனாரின் நூல் அது. கூரிய மதியை, 'சாணை பிடித்த அறிவு' என்கிறோம். ஒத்த தோற்றத்தை, 'அச்சில் வார்த்தாற்போல்' என்கிறோம். இலக்கியத்தைப் புகழப் பட்டறையின் சொற்களைக் கடன் வாங்கும் நாம், பட்டறைக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும், 'படிப்பு ஏறவில்லை' என்கிறோம். இம்முரண்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். நாமும் வகுப்பில், "ஒழுங்காகப் படிக்காவிட்டால் அங்கேதான் போக நேரிடும்" என்று எச்சரித்தவர்களே. அதைக் கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளில் பத்துப் பேர் அங்கேதான் செல்லவிருந்தனர் என்பதை அன்று எண்ணினோமில்லை.

சொல் இல்லை என்று சாக்குச் சொல்லவும் இயலாது. சுத்தியல், உளி, அரம், குறடு, திருப்புளி, இழைப்புளி, மரையாணி, தூக்குக்குண்டு, ரசமட்டம், சாரம், வார்ப்பு, கடைசல், பற்றவைப்பு என ஒரு பெருஞ்செல்வம் நம்மிடம் உள்ளது. கியர், கிளட்ச், ஸ்பேனர் போன்றவற்றை அப்படியே எடுத்தாள்வதில் குறையில்லை. பெயர் எங்கிருந்து வந்தாலும், அதைக்கொண்டு, "எண்ணெயில் காற்றுப் புகுந்தால் மிதி உள்ளே போகும்" என்று ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் அமைக்க முடிந்தால், அங்கே தமிழ் உயிரோடு இருக்கிறது.

இதில் மானத்தைவிடப் பெரிய பொருளொன்றும் அடங்கியுள்ளது. நம் நாட்டின் கட்டுமானத் தளங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். கொத்து, கம்பி கட்டுதல், பற்றவைப்பு முதலியவற்றில் திறன்தேர்வில் தேறி வந்தவர் அவர்களில் பலர். எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் இடம்பெறுகிறது. பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடைபெறுகிறது. ஆனால் வேலை நடுவே, உயரத்தில் நிற்கும் ஒருவரிடம், "அண்ணே, கச்சையின் கொக்கியை அந்தக் குழாயில் மாட்டாதீர்கள், அது தாங்காது" என்று உடனடியாகச் சொல்லப் பலகையால் முடியாது. அங்கே மேற்பார்வை செய்யும் நம் முன்னாள் மாணவர் ஒருவரால் முடியும், அவர் நாவில் அவ்வாக்கியம் இருந்தால். தொழிலும் தமிழும் அறிந்த ஒருவரின் சொல் அங்கே ஓர் உயிரின் விலை பெறும்.

நாம் செய்யக்கூடியவை

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தமிழ் கட்டாயப் பாடமாகத் தொடர்வதில்லை. ஆகவே உயர்நிலை நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டே அம்மாணவர்கள் தமிழாசிரியர் முன் அமரும் இறுதி ஆண்டு. அவ்வாண்டில் நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம்?

முதலாவது, செயல்முறையை விளக்கும் பயிற்சி. 'நான் மருத்துவரானால்' என்னும் கட்டுரையைப் பல்லாண்டுகளாக எழுதச் செய்துவிட்டோம். மிதிவண்டிச் சக்கரத்தின் ஓட்டையை அடைப்பது எப்படி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் செய்த பொருளை உருவாக்கியது எப்படி என்று படிப்படியாக வாய்மொழியில் விளக்கச் சொல்வோம். 'முதலில், அதன் பின்னர், அவ்வாறு செய்யாவிடின், ஆகையால்' என்னும் இணைப்புச் சொற்கள் அங்கே தேவையின் பொருட்டே வந்து அமையும். கட்டுரையில் வாய் திறவாத மாணவன் அப்பொழுது பேசுவதைக் காணலாம்.

இரண்டாவது, அழைப்பு. பள்ளி விழாக்களுக்கு எழுத்தாளரையும் அறிஞரையும் அழைக்கிறோம், அது தொடரட்டும். வாகனப் பொறியாளராகவோ மின்தூக்கிப் பராமரிப்பாளராகவோ பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரையும் ஆண்டுக்கு ஒருமுறை தமிழ் வகுப்புக்கு அழைத்து, தம் வேலையைத் தமிழில் சொல்லக் கேட்போம். அவர் தடுமாறினால் சேர்ந்து சொல் தேடுவோம். அந்தத் தேடலே சிறந்த பாடம்.

மூன்றாவது, நம் நாவைக் காத்தல். எந்தக் கல்விநிலையத்தையும் தண்டனையின் பெயராக வகுப்பில் உச்சரிப்பதை நிறுத்துவோம்.

தொழிற்கல்வியைப் பொன்முலாம் பூசிக் காட்டுவதும் நேர்மையன்று. பட்டயம், பட்டம் பெற்றோர்க்கும் இவர்க்கும் இடையே ஊதிய இடைவெளி இருப்பது உண்மை. 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 30 வயதும் அதற்குட்பட்டவருமான கழகப் பட்டதாரிகள் பட்டயப் படிப்பில் சேரும்போது 5,000 வெள்ளியும், முடித்தபின் மத்திய சேம நிதியில் 10,000 வெள்ளியும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மேற்கொண்டு படிக்க அது உதவும். எனினும், மேலே ஏறியவரை மட்டுமன்றி, பட்டறையிலேயே நின்று தம் வேலையில் தேர்ச்சி பெற்றவரையும் சமூகம் மதிக்க வேண்டும். அம்மதிப்பைப் பணத்தால் மட்டும் தர இயலாது. நாம் பேசும் விதத்திலும் அது வெளிப்பட வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் விரைவில் பட்டறைக்குச் செல்வீர்கள். ஒரு சிறு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லுங்கள். கருவியின் ஆங்கிலப் பெயரை எழுதும் வரியில், அதற்குரிய தமிழையும் எழுதுங்கள். தெரியாவிடின் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். தளத்தில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளரைக் கேளுங்கள். அவர்களிடம் அகராதியிலும் காணாத சொற்கள் உண்டு. மாலையில் வீடு திரும்பியதும், "இன்று என்ன படித்தாய்?" என்று தந்தையோ தாயோ பாட்டியோ கேட்டால், "வண்டி வேலை" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதீர்கள். அமர்ந்து சொல்லுங்கள்.

அந்தத் தந்தையை அதன் பின்னர் நாம் சந்திக்கவில்லை. அவர் கேட்ட கேள்விக்குக் காலம் தாழ்த்தியே விடை சொல்லியிருக்கிறோம். அடுத்து வரும் சந்திப்பில் வேறொரு தந்தை அதே கேள்வியைக் கேட்பார். அப்பொழுது நம்மிடம் விடை இருக்கட்டும்.